அசலும் வாசமும்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மருமகன் நோன்புப் பெருநாளுக்கு எனக்கொரு சென்ட் குப்பி தந்தான். பிரான்ஸ் நாட்டுக் கம்பனியொன்றின் பெயர் பொறித்த கனத்த கண்ணாடிக் குப்பி. "மாமா, இது அசல். பார்த்துப் பூசுங்க" என்றான். அதே வாசத்தை ஒத்த எண்ணெய் அத்தர் ஒன்று பதுளைக் கடைத்தெருவில் வாங்கியது ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வலது மணிக்கட்டில் அசலையும் இடது மணிக்கட்டில் அத்தரையும் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் பக்கத்து ஸஃப்பில் இருந்த நண்பரிடம் இரு கைகளையும் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்து இடது கையைத் தொட்டு, "இதுதான் விலை கூடினது" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். ஆனால் அஸருக்குப் பிறகு இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. இடது கை காலையில் மணந்தது போலவே ஒரே இனிப்பாய் நின்றது. வலது கையில் பழவாசம் போய், பூ வந்து, பிறகு மரவாசமாய் அடங்கியிருந்தது. முதல் நிமிடத்தைப் பிரதி பண்ணுவது எளிது. ஆறாவது மணித்தியாலத்தைப் பிரதி பண்ணுவது கடினம்.

அந்த வித்தியாசத்துக்கு எத்தனை ரூபா கொடுக்கலாம்? இத்தகைய குப்பியொன்று முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். 2024இல் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி மாதம் 25 நாள் பேர் போட்டால் அப்போது கிடைத்தது 33,750 ரூபா. ஒரு மாதக் கொழுந்தை ஒரு குப்பிக்குள் அடைக்கும் கணக்கு இது. அந்த விலையில் பெரும்பங்கு குப்பிக்கும் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் பெயருக்கும் போகிறது. உள்ளே இருக்கும் திரவத்துக்குப் போவது சிறுபகுதிதான். நறுமணம் சுன்னத்து, வீண்விரயம் சுன்னத்தல்ல. என் பணத்தில் நான் அசலை வாங்கமாட்டேன். இந்த முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அப்படியானால் பிரதி செய்வது திருட்டா? உலகத்து நீதிமன்றங்களே இதில் ஒன்றுபடவில்லை. 2006 ஜூன் மாதத்தில், ஒரே வாரத்துக்குள், பிரான்சின் உயர் நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம் லான்கோமின் ட்ரெசோர் வாசனைக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. நம்முடைய மரபிலோ ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்கிந்தி வாசனைத் திரவியங்களும் வடிப்பு முறைகளும் பற்றி ஒரு நூல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட அந்நூலில், விலையுயர்ந்த பொருள்களுக்கு மாற்றுச் செய்யும் வழிகளும் இருக்கின்றன. வாசம் காற்றில் கலந்துவிடுவது. அதற்கு வேலி போட முடியாது என்பதே என் எண்ணமும்.

ஆனால் பெயர் காற்றில் கலப்பதில்லை. ஊவாவில் இருக்கும் நமக்கு இது விளங்கவேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் ஏறுகிறது. வலித் தைலத்தில் மணக்கும் மெதைல் சலிசிலேற்று அதிலும் உண்டு. வேறு நாட்டுத் தூளில் அந்த மணத்தை ஏற்றி, "ஊவாத் தேயிலை" என்று பெட்டியில் எழுதி விற்றால் நாம் பொறுப்போமா? மணம் ஒன்றாக இருக்கிறதே என்று சமாதானம் சொன்னால் ஏற்போமா?

இங்கே வந்ததும் எனக்குப் பேனா தயங்குகிறது. ஏனென்றால், இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உறவினர் ஒருவரின் ஃபென்சிக் கடையில் நின்றேன். ஒரு சம்பள நாள். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது, முதல் நாள் பூசிக்கொண்டு போக நல்ல சென்ட் வேண்டும் என்றார். பெரிய கம்பனியின் பெயர் ஒட்டிய போலிக் குப்பியொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, "தம்பி, இது ஒரிஜினல்தானே?" என்று கேட்டார். "ஒரிஜினல்தான் ஐயா" என்றேன். நான்கு நாள் கூலியை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். முறைப்பாட்டுக்குத்தான் வருகிறாரென்று எனக்கு வியர்த்தது. அவரோ சிரித்தபடி, "புள்ளைக்கு ரொம்பப் புடிச்சிருச்சு தம்பி, அதே மாதிரி இன்னொன்னு குடுங்க" என்றார். கொடுத்தேன். பணத்தையும் வாங்கினேன். அந்த இரண்டாவது தடவையைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

யாருக்கு என்ன நட்டம் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். மகளுக்கு வாசம் பிடித்திருந்தது. தகப்பனுக்கும் சந்தோஷம். கடைக்கும் இலாபம். ஆனால் அவர் வாங்க வந்தது வாசத்தை மட்டுமல்லவே. லயத்து அறையிலிருந்து வகுப்பறைக்குப் போகும் மகளுக்கு, இந்த ஒருமுறையாவது குறையில்லாத ஒன்றைத் தர விரும்பினார். அதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பணத்தை விடப் பெரியது. தெரிந்து தீர்மானிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டேன். அவர் சந்தோஷப்பட்டது என் பொய்யைச் சரியாக்காது. அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதை மட்டுமே அது காட்டும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் சொன்னார்கள். ஈரத் தானியத்துக்கும் ஒரு நியாய விலை உண்டு. ஒளித்ததுதான் குற்றம்.

பிரதி அத்தரும் அப்படித்தான். "அதைப் போல மணக்கும், அது அல்ல" என்று சொல்லி விற்பவர் நேர்மையான வியாபாரி. அவரிடம் நான் தொடர்ந்து வாங்குவேன். அசலின் விலை நியாயமா என்பது வாங்குபவர் தன் மடியைப் பார்த்துச் சொல்லவேண்டிய பதில். இது அசலா என்பது விற்பவர் தன் மனச்சாட்சியைப் பார்த்துச் சொல்லவேண்டிய பதில். முதல் கேள்வியில் பிழைவிட்டால் பணம்தான் போகும்.

அந்தப் பெரியவரின் பெயரை நான் அன்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்றும் கேட்கவில்லை. அவர் பெயரில் ஸதகா கொடுத்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதாக மனம் ஏற்கவில்லை. மருமகன் தந்த குப்பி அலுமாரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இடது மணிக்கட்டு அத்தரையே பூசிக்கொள்கிறேன். யாராவது நன்றாக மணக்கிறதே என்றால், கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இது அசல் இல்லை.