தவணை தீராத சீர் யாருக்குச் சொந்தம்?

வாடிப்பட்டியில் ஒரு நிக்காஹ் வீடு என்று வைத்துக்கொள்வோம். அத்தா தவணைக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டியை மகளுக்கென்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டில் இறக்கியும் விடுகிறார். தவணை பாதிகூடத் தீராத நிலையில் அவர் வபாத்தாகி விடுகிறார். "மீதியைக் கட்டப்போவது நாங்கள். ஆகவே பெட்டியிலும் எங்களுக்குப் பங்குண்டு" என்கிறார்கள் அண்ணன்மார். இது சரிதானா?

ஹிபா நிறைவேற மூன்று வேண்டும்: கொடுப்பவர் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2011-ல் ஹபீஸா பீபி வழக்கில் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டது.

ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இருபது வஸ்க் பேரீச்சம்பழம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மகளார் அதைக் கைப்பற்றவில்லை. மரணப் படுக்கையில், இனி அது வாரிசுகளின் சொத்து என்று கூறிவிட்டார்கள். கைக்கு வராத பொருளுக்கு இதுவே சட்டம். நம் பெட்டியோ மகளின் கைக்கு வந்துவிட்டது.

சரி, முழு விலை கொடுக்காத பொருளைக் கொடுக்கலாமா? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் உமர் (ரலி) அவர்களிடம் ஒட்டகமொன்றை விலை பேசி வாங்கி, நின்ற இடத்திலேயே அவர் மகனார் அப்துல்லாஹ்வுக்கு அன்பளிப்பாக்கினார்கள். வியாபாரம் முடிந்தால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். விலை அவர் மீது கடன். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, இதையே சொல்கிறது.

ஆகவே பெட்டி மகளுக்கே. மீதித் தவணை அண்ணன்மார் தலையில் விழுவதுமில்லை. அது அத்தா விட்டுச்சென்ற சொத்தின் மீதுள்ள கடன். கடன் தீர்ந்த பிறகே பாகப்பிரிவினை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 11-வது ஆயத்து. மகளும் ஒரு வாரிசாதலால் அந்தச் சுமையில் அவள் பங்கும் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒப்பந்தம் ஹயர் பர்ச்சேஸ் முறையில் இருந்தால் விஷயம் வேறு. கடைசித் தவணை வரை பொருள் கம்பெனிக்கே சொந்தம். அத்தா தமக்குச் சொந்தமாகாததைக் கொடுத்திருக்கிறார். அந்த ஹிபா நிறைவேறாது. அங்கே அண்ணன்மாரின் பேச்சுக்கு வலுவுண்டு.

எனவே பெற்றோர்களே, கையெழுத்திடுமுன் சீட்டைப் படித்துப் பாருங்கள். மீதி எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் அனைவரிடமும் சொல்லி வையுங்கள். ஹயர் பர்ச்சேஸாக இருந்தால், கடைசித் தவணை கட்டிய அன்று "இது உனக்கே" என்று மகளிடம் மறுபடியும் சொல்லிவிடுங்கள். ஆசையாய்க் கொடுத்த சீர் உடன்பிறந்தாரைப் பகையாக்க வேண்டாம்.

வல்லாஹு அஃலம்.