அடுத்த ஊர்ப் பெருநாள்

தரம் நான்கில் ஒருநாள், "வெசாக் என்றால் என்ன?" என்று கேட்டேன். "லீவு சேர்!" என்றார்கள் ஒரே குரலில். பிழையென்று சொல்லவும் முடியவில்லை. இந்நாட்டில் ஒவ்வொரு போயா தினமும் அரச விடுமுறைதானே. புத்தரின் பிறப்பும் ஞானமும் பரிநிர்வாணமும் நினைவுகூரப்படும் பௌர்ணமி, எங்கள் பிள்ளைகளிடம் பூட்டிய பள்ளிக்கூடமாகவே வந்து சேர்கிறது.

எங்களது முஸ்லிம் பாடசாலை. அடுத்த ஊரில் தமிழ்ப் பாடசாலை, வயலுக்கு அப்பால் சிங்களப் பாடசாலை. சமய பாடத்தை அவரவர் தத்தம் சமயத்தில் மட்டுமே படிக்கிறோம். மற்றவர்களின் பண்டிகைகள் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்திலே தலைகாட்டும். புத்தாடை, பலகாரம், உறவினர் வீடு. பெயரை மாற்றினால் எந்தப் பண்டிகைக்கும் பொருந்திவிடும். ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றதும் ஏறக்குறைய இதுதான். படம் காட்டு, பாட்டுப் படி, ஒற்றுமையைச் சொல். பிள்ளை கேள்வி கேட்டால் என்ன செய்வதென்று எவரும் சொல்லித் தரவில்லை.

2016இல் கேட்டான் ஒருவன். தீபாவளிப் பாடம். "அவங்க கும்புடுறது மெய்யா சேர்?" யோசிக்காமல் சொன்னேன்: "பொய்தான் மகன். ஆனா நாம வெளியால சொல்லப்படா."

ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர் அடுத்த ஊர்த் தமிழர். தூரிகை ஒரு கணம் நின்றது, பிறகு நகர்ந்தது. இடைவேளையில் தேநீர் கொடுக்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவர்தான் பேசினார்: "சேர், தீபாவளிக்கு விடியக்காலையில எண்ணெய் வச்சு முழுகிறதையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்க. அது நல்லாயிருக்கும்."

அன்றிலிருந்து அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனது ஈமான் எனக்குத் தெரியும். இணைவைத்தலை ஏற்பவனல்ல நான். அப்படியென்றால் என் பதிலில் பிழை எங்கே? முதற்பாதியில் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் மோசமானது இரண்டாம் பாதி. உள்ளே ஒரு நாக்கு, வெளியே ஒரு நாக்கு என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டேன். நயவஞ்சகத்தைப் பற்றி இஸ்லாம் பாடத்தில் எவ்வளவு சொல்கிறோம்!

"எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன" என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. மேடைக்கு அது நல்ல வசனம். ஆனால் ஹஸரத்தும் ஏற்கமாட்டார், ஐயரும் ஏற்கமாட்டார், பன்சலையின் ஹாமுதுருவும் ஏற்கமாட்டார். மூவரும் ஏற்காத ஒன்றைப் பிள்ளைக்கு உண்மையென்று எப்படிக் கொடுப்பது?

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தக் கேள்வி கழுத்தைப் பிடித்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் தேவாலயம். தாக்கியவர்கள் எங்களைப் போலப் பெயர் வைத்தவர்கள். விடுமுறை நீண்டு பாடசாலை திறந்தபோது ஒரு பிள்ளை, "ஈஸ்டர் எண்டா குண்டு வெடிச்சதா சேர்?" என்றாள். அந்தச் சொல்லை அவள் முதன்முதலாகக் கேட்டதே அப்படித்தான். அந்த மக்கள் அன்று எதற்காகத் தேவாலயத்தில் கூடியிருந்தார்கள் என்று அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.

அன்று பாடக்குறிப்பை மூடிவைத்துவிட்டுச் சொன்னேன். இயேசு சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த மகிழ்ச்சிக்குரிய நாள் அது. "ஈசா நபியா சேர்?" ஓம், அவரைத்தான். அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்பது எங்கள் நம்பிக்கை. "நாம அப்படி நம்புறதில்ல, அவங்க நம்புறாங்க. இத அவங்கட முன்னுக்கும் நான் இப்பிடியேதான் சொல்லுவன்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் கண் தானாகவே ஜன்னல் பக்கம் போனது. அதே வாரத்தில் வேறு பாடசாலைகளில் எங்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அங்கே என்ன பதில் கிடைத்ததோ, ஜன்னலுக்கு வெளியே நம்மவர் யாரும் நின்றார்களோ!

பிறகொரு வருடம் வெசாக் கூடு செய்ய மூங்கிலும் வர்ணத்தாளும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு வாப்பா வந்தார். கோபமில்லை, கலக்கம். "படிச்சுக் குடுங்க சேர், அது தேவதான். செய்ய வைக்காதீங்க." அறிவது வேறு, அனுஷ்டிப்பது வேறு என்கிறார். அந்தக் கோட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் மூங்கிலை வளைத்துத் தாள் ஒட்டுவது அனுஷ்டானமா, கைவேலையா? அவரிடம் சரியென்றேன். கூடு செய்யும் பாடத்தைக் கைவிட்டேன். மூங்கில் துண்டுகள் இன்னும் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. எறிந்துவிடச் சொல்லி அதிபர் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டார்.