மிதக்குடியும் இதயமும்

கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் பிரெஞ்சு மக்களிடையே இதயநோய் குறைந்திருப்பதற்கு அவர்கள் நாள்தோறும் அருந்தும் திராட்சை மது காரணமாகலாம் என்று 1992இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று வாதிட்டது. அளவான குடி இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை அதன்பின் உலகெங்கும் வேரூன்றியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி ஊர்களில், கரிமூட்டத்திலும் தறியிலும் உடல் நொந்தவரிடம் இந்த நம்பிக்கையை எடுத்துரைப்பது அறமாகுமா என்பது தனியே எடைபோடத்தக்க வினா.

முதலில் சான்று. பழைய கணக்கெடுப்புகளில் குடிக்காதோர் எனக் குறிக்கப்பட்டவர்களுள், நோய் வந்தபின் குடியை விட்டவர்களும் கலந்திருந்ததால், அளவாகக் குடிப்போர் நலமுள்ளோராகத் தோன்றினர் என்பதைப் பிரிட்டன் ஆய்வாளர் ஷேப்பரும் அவருடைய குழுவினரும் 1988லேயே சுட்டிக்காட்டினர். சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, மதுவைச் செரிக்கும் நொதியில் பிறவியிலேயே உள்ள வேறுபாட்டைக் கொண்டு மக்களைப் பிரித்து ஒப்பிட்டு, மது கூடக்கூட இரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடுவதையும், மிதக்குடியால் பக்கவாதத்திலிருந்து காப்பு ஏதும் இல்லாததையும் 2019இல் வெளியிட்டது. பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

அடுத்தது அளவு, சிக்கலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பல மருத்துவ நூல்கள் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஒரு தர அளவாகக் கொண்டு, மிதம் என்பதை நாளொன்றுக்கு ஓரிரு தர அளவாகவே பேசிவந்தன. 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மில்லி குவார்ட்டரிலோ ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஆறு தர அளவு அடங்கியிருக்கிறது. இருவர் பங்கிட்டுக் குடிக்கும் ‘கட்டிங்’கும் ஆளுக்கு மூன்று தர அளவாகிறது. ஆகவே அளவோடு நிறுத்திக்கொண்டதாக நம்புபவர், அந்தப் பழைய ஆய்வுகளின் கணக்கிலேயே கூட மிதத்தைக் கடந்தவர்.

குடிப்பது அவரவர் உரிமை என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. விற்பனையைத் தடுத்தால் கள்ளச்சாராயம் தலைதூக்கும் என்ற அச்சத்துக்கும், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்தால், அடிப்படை உண்டு. ஆனால் இல்லாத நன்மையை நம்பித் தெரிவு செய்பவருக்கு உரிமை அரைகுறையாகவே வாய்க்கிறது. அரசின் பொறுப்பு இதில் இன்னும் கனமானது: மதுவிலக்கை நோக்கி முயலுமாறு அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு பணித்திருக்க, 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் வழியே தானே நடத்தி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் தமிழ்நாடு அரசே, 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையை வீடுதேடித் தருகிறது. மாத்திரை தருவது நற்செயலே. அந்த அழுத்தத்தை ஏற்றும் பொருள்களுள் ஒன்றைத் தானே விற்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதயத்தின் பெயரால் எவரையும் குடிக்கத் தூண்டுவது தவறு. அம்மாத்திரையை எழுதித் தருவோர், குடிப்பதுண்டா என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை குவார்ட்டர் என்றும் கேட்டு, அது எத்தனை தர அளவு என்பதையும் நோயாளிக்கு விளங்கும்படி சொல்லிவிட வேண்டும்.