கயிறு பிடிப்பவருக்கு ஒரு குறிப்பு

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டாம் சர்வரில் தரவுத்தள நகலை மறுபடி அமைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 'பிஜி_பேஸ்பேக்கப்' என்னும் நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்பக் கொடுத்தார், அப்போதும் பேச்சில்லை. பழைய கோப்புகள் கிடந்து மறிக்கின்றனவோ என்று தரவுக் கோப்புறையை அழித்தார். அழித்தது முதன்மை சர்வரில்! ஓரிரு விநாடியில் நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

கட்டளையில் பழுதே இல்லை. நகல் தொடங்குமுன் முதன்மை சர்வர் தன் நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை வட்டில் எழுதியாக வேண்டும். அவசரம் என்று சொல்லாவிட்டால், மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் வராதபடி நிதானமாகத்தான் எழுதும். அதுவரை கட்டளை வாய் திறக்காது. உருவாக்கியவர்களுக்கு இது தெரியும். ஆனால் நிறுவனத்தின் கையேட்டிலும் போஸ்ட்கிரெஸ்ஸின் ஆவணத்திலும் இது தெளிவாக இல்லை என்று கிட்லேப் பின்னர் ஒளிவுமறைவின்றி எழுதியது. தொடக்கத்தில் கட்டளை சும்மா இருப்பதுபோலத் தோன்றலாம் என்ற குறிப்பு இப்போது ஆவணத்தில் இருக்கிறது.

தூத்துக்குடிக்காரனுக்கு இதைப் படித்தால் முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். கல்லோடு ஒருவர் இறங்கியபின் தோணியில் கயிறு பிடித்திருப்பவருக்குக் கடல் எதுவும் சொல்லாது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம், கயிறு எப்படிச் சுண்டினால் இழுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள்; தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே! 1961-க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. உறவின் வழியே மட்டும் கைமாறிய அறிவு, தொழில் நின்றதும் பெரும்பாலும் ஆட்களோடு போய்விட்டது.

போஸ்ட்கிரெஸ் போன்ற திறமூல மென்பொருளில் மைத்துனன் கிடையாது. எழுதியவரும் நள்ளிரவில் அதை இயக்குபவரும் ஒருவரையொருவர் பார்க்கவே போவதில்லை. அவர்களுக்கு நடுவே இருக்கும் ஒரே உறவு ஆவணம். ஆனாலும் நிரல் எழுதுபவருக்குக் கிடைக்கும் மரியாதை ஆவணம் எழுதுபவருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது கோபம் தரும் விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விடுபட்ட வரி எது என்று நிபுணரின் கண்ணில் படாது. பத்து வருடம் பழகியவருக்கு அந்த மௌனம் இயல்பு. முதல்முறை குழம்பியவருக்குத்தான் அது உறுத்தும். அவரும் விடை கிடைத்த மறுவாரமே குழம்பியதை மறந்துவிடுவார். எழுதத் தகுதியான காலம் அந்த ஒரு வாரம்தான். தனக்கு என்ன தெரியும் என்று அந்தச் சமயத்தில் கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்கள் அதிகம்.

ஒதுங்காதீர்கள். எந்த இடத்தில் நின்றீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். ஆவணத்தைத் திருத்த நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.