ஊறுகாய் ஜாடியும் தீட்டும்

சமைத்து ஒரு சாமம் கடந்த உணவையும் இரவு தங்கிய உணவையும் தாமச உணவாக, அதாவது அறிவை மந்தப்படுத்தும் உணவாக, பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் வகைப்படுத்துகிறது; ஆயினும் அந்நூலைப் பாராயணம் செய்யும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் மாதக்கணக்கில் இருக்கும் புளிச்சகீரைத் தொக்கும் வடுமாங்காயும் தயக்கமின்றி இலையில் பரிமாறப்படுகின்றன. இதைப் பக்தர்களின் சலுகை மனப்பான்மை என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் சாஸ்திரமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. பழைய உணவை விலக்குவோர் மேற்கோளாக எடுக்கும் மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம், நெய்யோ எண்ணெயோ கலந்த பண்டம் இரவு கடந்ததாயினும் உண்ணத் தக்கதே என்கிறது; புளித்தவற்றுள் தயிரையும் தயிரில் விளைபவற்றையும் ஏற்கிறது. ஆக, தூய்மையைக் காலம் மட்டும் தீர்மானிக்கவில்லை. எதைக் கொண்டு காத்தார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது.

அந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதைப் புளிச்சகீரையில் காணலாம். கீரையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்தி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, உப்பு, புளி, வறுத்துப் பொடித்த வெந்தயம், மிளகாய் சேர்த்து அரைத்து, மேலே எண்ணெய் மிதக்கும்படி பீங்கான் ஜாடியில் அடைப்பார்கள். இங்கே உண்மையான காவலாளி புளிப்புதான். எண்ணெய் காற்றை அடைக்கும். ஆனால் காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடமே பொட்டுலினம் என்னும் கொடிய நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரத் தோதானது, அதன் வித்துகளோ கொதிநீரின் 100 பாகை வெப்பத்திலும் பிழைத்திருக்கும். அதனால்தான் பீன்ஸ், பட்டாணி போன்ற பச்சைக் காய்களை வீட்டில் புட்டியிலடைப்போர் அழுத்தக்கலத்தில் ஏறத்தாழ 121 பாகை வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. எண்ணெய் சேர்ந்தாலே போதும் என்ற பழைய விதி, இந்த அளவில், திருத்தப்பட வேண்டிய விதியே.

ஆனால் நடைமுறையில் 'மடி' என்னும் ஆசாரத் தூய்மை பயந்தது ஈரத்துக்கும் அழுக்குக் கரண்டிக்கும் மட்டுமன்று, மனிதரின் தொடுகைக்கும்தான். மாதவிலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெடும் என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் உண்டு. பூந்தமல்லியில் பிறந்து, காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்த திருக்கச்சி நம்பியின் கதையை இங்கே நினைக்க வேண்டும். குருபரம்பரை வரலாறுகளின்படி, வைசியரான அவர் உண்டு எஞ்சியதைப் பிரசாதமாகப் பெற, அந்தணரான இராமானுசர் அவரை விருந்துக்கு அழைத்தார். இராமானுசர் வீட்டில் இல்லாத நேரத்தில் நம்பி உண்டு செல்ல, இல்லத்தரசி இலையை அகற்றி, இடத்தைச் சுத்திகரித்து, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார். ஒருவர் கண்ணுக்குத் தீட்டாகப் பட்டது மற்றவருக்கு அருளாக இருந்தது. இராமானுசர் வருந்தினார், வைணவ மரபு அவர் பக்கமே நின்றது.

ஒரே சோற்றை இரண்டாகக் காட்டியது பார்ப்பவரின் மனமே என்றால், தொடுகை உணவைக் கெடுக்கிறது என்ற வாதத்துக்குச் சமயத்திலும் வலுவில்லை, அறிவியலிலும் இல்லை. கழுவித் துடைத்த கை எந்த நாளிலும் ஜாடியைத் திறக்கலாம். ஈரக் கரண்டி எந்த நாளிலும் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் இவ்விரண்டில் முதலதற்கு இட்ட தடையை எடுத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் கண்டிப்புடன் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.