போதும் என்னும் சொல்

மனிதன் தன் வாழ்நாளில் மிகப் பிந்திக் கற்கும் சொல் எது என்று என்னைக் கேட்டால், 'போதும்' என்பதே என்பேன். குழந்தை முதலில் கேட்கக் கற்கிறது. பின்னர் மறுக்கக் கற்கிறது. மறுப்பு வேறு, போதும் என்பது வேறு. மறுப்பவன் பொருளை விலக்குகிறான். போதும் என்பவனோ அதை ஏற்றுச் சுவைத்து மகிழ்ந்து, அதன்பின் கையை நிறுத்துகிறான். இவ்விரண்டனுள் பின்னதே கடினம். அதை எனக்கு உணர்த்தியது எந்த நூலும் அன்று. ஒரு நாள் நடை.

2019-ஆம் ஆண்டில் மகனுடைய குடும்பத்தோடு சில மாதங்கள் தங்க அமெரிக்கா சென்றிருந்தேன். அந்நாட்டின் புளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1982 அக்டோபர் முதல் நாள் திறந்த எப்காட் என்னும் பூங்கா இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் ஏரியொன்றைச் சுற்றிப் பல நாடுகளின் பாணியில் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒன்பது நாடுகள். 1984-இல் மொராக்கோவும் 1988-இல் நார்வேயும் சேர்ந்து பதினொன்றாயின. மெக்சிகோவில் புறப்பட்டால் நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்சு, பிரிட்டன் என்று நடந்து கனடாவில் வந்து முடியலாம். மொத்தம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். நாட்டுக்கு நாடு உணவும் பானமும் விற்கிறார்கள்.

அங்கே இளைஞரிடையே ஒரு வழக்கம் உண்டு. பதினொரு நாடுகளிலும் நாட்டுக்கொரு கோப்பை மது அருந்தி ஒரே நாளில் 'உலகைச் சுற்றி' வருவது. நாடுகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்ட சட்டையணிந்து, முடித்த நாட்டை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுச் செல்லும் ஒரு குழுவைக் கண்டேன். மெக்சிகோவில் அவர்கள் பாடினார்கள். ஜெர்மனியில் உரக்கச் சிரித்தார்கள். ஜப்பானை அடைந்தபோது அவர்களுள் ஒருவன் மரநிழலில் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். தோழர்கள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தனர். அவன் முன்னே உயர்ந்து நின்ற ஐந்தடுக்குக் கோபுரத்தை அவன் பார்த்திருப்பானா என்பது ஐயமே.

இதில் வியப்பொன்றும் இல்லை. ஒரு கோப்பை மதுவை ஈரல் செரித்து வெளியேற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆள் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஈரல் அவசரப்படாது. பதினொரு கோப்பைக்குப் பதினொரு மணி நேரம் வேண்டும். அவர்களோ அதை நான்கைந்து மணியில் முடிக்க முனைந்தார்கள். கணக்கு எப்படி நேராகும்?

அவனைக் கண்டு நான் இரங்கினேன் என்று எழுதி இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். மது அருந்தாதவனுக்கு அருந்துபவனைக் கண்டு இரங்குவது எளிது. ஆனால் உண்மையை மறைப்பது அறமாகாது. நானும் அன்று அதையேதான் செய்துகொண்டிருந்தேன். என் கையிலிருந்தது கோப்பையன்று, தட்டு. மெக்சிகோவின் சர்க்கரை தூவிய சுரோ, நார்வேயின் இனிப்பு ரொட்டி, சீனத்துத் தேநீர், ஜெர்மனியின் காய்ச்சிய சர்க்கரைப் பூச்சுப் பொரி, ஜப்பானின் சீவிய பனிக்கட்டி, மொராக்கோவின் புதினாத் தேநீர், பிரான்சின் அடுமனைப் பண்டம். "இத்தனை தூரம் வந்துவிட்டு விடலாமா?" என்று ஒவ்வொரு வாயிலிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலையில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்த நார்வே ரொட்டி மேலே தேங்காய் இருந்துதே, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. தென்னை முளைக்காத குளிர்நாட்டார், தம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் ரொட்டியின்மேல் தேங்காய்த் துருவலைத் தூவியிருக்கிறார்கள். எங்கோ வெப்பநாட்டுக் கரையில் விளைந்தது கடல் கடந்து அங்கே சென்று அவர்கள் வீட்டுப் பண்டமாகிவிட்டது. அந்த அரிய செய்தி என் நாவின்மேல் கிடந்தது. தேங்காய் மணத்திலேயே வளர்ந்த நான் அதை அறியாமல் விழுங்கிவிட்டு, அடுத்த நாட்டைப் பார்க்க விரைந்திருந்தேன். மரநிழலில் அமர்ந்த அவ்விளைஞனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

அன்னதானத்தின் பெருமையைக் கூறுவோர் ஒன்று சொல்வதுண்டு. பொன்னைக் கொடுத்தாலும் மண்ணைக் கொடுத்தாலும் பெறுபவன் இன்னும் வேண்டும் என்பான். சோற்றைக் கொடுத்தால் மட்டுமே 'போதும்' என்பான். வயிறு என்னும் எல்லை இருப்பதால் இவ்வுண்மை அசையாதது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் 1981-இல் பார்பரா ரோல்ஸ் முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கூறுகிறது. ஒரே வகை ரொட்டியடுக்கைப் பெற்றவர்களைக் காட்டிலும், நான்கு வகை பெற்றவர்கள் மூன்றிலொரு பங்கு கூடுதலாக உண்டார்களாம். ஒரு சுவையில் நிறைவு கண்ட நா, மற்றொரு சுவையைக் கண்டதும் மீண்டும் பசிக்கிறது. ஆக, பல்சுவைப் பந்தியில் நாம் முதலில் இழப்பது அந்தப் 'போதும்' என்னும் சொல்லைத்தான்.

இங்கே என் தந்தையாரை நினைத்துக்கொள்கிறேன். அவர் 1950-களில் எழுத்தர் வேலைக்காகத் தில்லிக்கு வந்து கரோல்பாகில் குடியேறியவர். 1965, 66-ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது எங்கள் வீட்டில் பகலில் கோதுமை, இரவில் மட்டும் சோறு. தந்தையார் ஒருநாளும் அளவு மீறி உண்டதில்லை. அவரைப் புலனடக்கம் உள்ளவர் என்று உறவினர் புகழ்வர். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: அந்நாளில் போதும் என்று சொன்னது அவரா, பாத்திரமா? வறுமை தந்த அளவை அறம் எனலாமா?

இவ்வினா நம் போன்ற குடும்பங்களுக்கு வெறும் ஏட்டு வினா அன்று. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த தலைமுறைக்கு அளவைப் பாத்திரம் சொல்லிற்று. நம் பிள்ளைகளுக்கோ பாத்திரம் எதுவும் சொல்வதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஒரே தெருவில் பல நாட்டு உணவு கிடைக்கிறது. அவர்களுக்கு நாம் வறுமையைச் சொத்தாக விட்டுச் செல்ல முடியாது, விடவும் கூடாது. அப்படியானால் அளவை எதன்மேல் நிறுத்துவது?

அளவு என்பது எல்லார்க்கும் பொதுவான ஓர் எண் அன்று என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறநூலில் விளக்கினார். பத்துப் பங்கு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்றால், ஆறு பங்குதான் யாவர்க்கும் நடு என்று கொள்ளலாகாது. மைலோ என்னும் மற்போர் வீரனுக்குக் குறைவாகும் உணவு, பயிற்சி தொடங்குபவனுக்கு மிகுதியாகும் என்றார். வள்ளுவப் பெருந்தகையோ 'மருந்து' என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியை, முன் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்ணுதற்கே ஒதுக்கினார். அவர் கூறும் அளவு தட்டில் இல்லை. உண்பவன் தன்னை உற்று நோக்கும் நோக்கில் இருக்கிறது. கள்ளுக்கோ அவர் அளவே கூறவில்லை. 93-ஆம் அதிகாரத்தில் அதை அறவே விலக்கினார். ஜப்பானியரும் வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்துக என்பதை மரபுமொழியாகவே வழங்குகின்றனர். எட்டாம் பங்கை எண்ணிச் சொல்லும் கருவி வெளியே இல்லை. அவரவர்தாம் உணர வேண்டும்.

"வாழ்வில் ஒருமுறை வாய்ப்பது, அன்றுமா அளவு?" என்று சிலர் கேட்பர். வாய்ப்பு அரிது என்பதால் வயிறு பெரிதாகிவிடுவதில்லை. அரிதாக வாய்ப்பதை அல்லவா நினைவில் நிற்குமாறு நுகர வேண்டும்? வேறு சிலர், "அயலார் உணவே வேண்டா" என்பர். அதுவும் எனக்கு உடன்பாடன்று. ஒரு நாட்டார் அன்போடு உண்பதைச் சுவைத்தும் பாராமல் அந்நாட்டாரை அறிந்தேன் என்பது எப்படி? அளவு என்பது உலகை மறுக்கும் கதவன்று. ஒருவர்பின் ஒருவராக விருந்தினரை உள்ளே விடும் வாயில் என்பதே என் துணிபு.

நம் வாழையிலை விருந்தே இதற்குச் சான்று. அங்கும் பல சுவைகள் உண்டு. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு முறையுண்டு. பரிமாறுபவர் திரும்பி வரும் வரை காத்திருக்கிறோம். நிறைவானதும் இலைக்கு மேலே கை நீட்டுகிறோம். அந்தக் கை விருந்தளிப்பவரை அவமதிப்பதில்லை. அவர் தந்ததை நான் முழுதும் பெற்றேன் என்று அறிவிக்கிறது.

ஒரு மாதம் கழித்து அப்பூங்காவிற்கு மீண்டும் சென்றோம். இம்முறை மூன்றே நாடுகள் என்று பேத்தியும் நானும் உடன்பாடு செய்துகொண்டோம். ஒரு பண்டம் வாங்கி நால்வரும் பகிர்ந்துகொள்வது, உண்டபின் அரை மணியேனும் அமர்ந்து அவ்விடத்தைப் பார்ப்பது, இடையிடையே தண்ணீர். மகன் ஜப்பானில் உணவுக்குப்பின் ஒரு சிறு கிண்ணம் அரிசி மது அருந்தினான்; அன்று வண்டி ஓட்டியவள் மருமகள்.

நார்வேயில் ரொட்டியை நான்காகப் பிட்டுப் பேத்தி என் பங்கைத் தந்தாள். தேங்காய்த் துருவல் சற்றே உலர்ந்திருந்தது. நம் ஊர்த் தேங்காயின் ஈரம் இல்லை. ஆயினும் தேங்காய்தான். மெல்ல மென்று முடித்தபோது, "இன்னொண்ணு வாங்கட்டுமா, தாத்தா?" என்றாள்.

"போதும், அம்மா" என்றேன். எவரும் சொல்லாமல், எந்தப் பாத்திரமும் நினைவூட்டாமல், நானே சொன்னேன்.