கிணற்றில் வந்த கறுப்பு

தேடியது தண்ணீர். வந்தது கறுப்பாக ஏதோ ஒன்று.

1930-களின் நடுவில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து நெய்வேலியில் நடந்தது இது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு துளைத்தபோது, நீரோடு கறுப்புப் பொருளும் மேலே வந்தது. அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். வேறு இடத்தில் துளை போடச் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அதை ஒதுக்கவில்லை. அது என்னவென்று தெரிந்துகொள்ள, அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுபோனார். அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. பிறகு சுரங்கத்துக்காகத் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரையும் கொடுத்தார்.

தற்செயலாக நடந்தது என்கிறோம். கறுப்பு மேலே வந்ததுதான் தற்செயல். அதைக் கையில் எடுத்தது அவருடைய குணம்.

பலன் உடனே வந்துவிடவில்லை. சுரங்க நிறுவனம் தொடங்கியது 1956-இல். சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தது 1957-இல். மண்ணை அகற்றி அகற்றி, பழுப்பு நிலக்கரியைத் தொட்டது 1961 ஆகஸ்டில். மறு ஆண்டு மின்சாரம். கிணறு துளைத்த அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது 25 வயது கடந்திருக்கும். கண்ணில் பட ஒரு நொடி போதும். பயன்பட ஒரு தலைமுறை ஆகலாம்.

அந்தக் கறுப்பைக் கொஞ்சம் அருகில் பாருங்கள். புதிதாக வெட்டிய கட்டி உண்மையில் கறுப்பே அல்ல, ஆழ்ந்த பழுப்பு. தொட்டால் ஈரம். சில கட்டிகளில் மரத்தின் நார்வரி இன்னும் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது காடாக இருந்ததற்குச் சாட்சி. வெயிலில் போட்டால் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான்! அது மட்டுமா? நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். இறைத்த நீர் சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கிறது. சென்னையின் குடிநீருக்கும் உதவியிருக்கிறது. முதலியார் தேடிய தண்ணீர் எங்கும் போய்விடவில்லை.

இந்தச் சுரங்கத்துக்காக வீட்டையும் வயலையும் விட்டுப்போன ஊர்களும் உண்டு. பல்ப் எரியும்போது அவர்களையும் நினைப்பதுதான் நியாயம்.

இனி உங்கள் நாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறீர்களோ, பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் இறக்குகிறீர்களோ, எங்கோ ஒரு மேசைமுன் உட்கார்ந்திருக்கிறீர்களோ, ஒன்றைத் தேடிப் போகும் வழியில் இன்னொன்று காலில் இடறும். அலமாரியில் எதையோ துழாவும்போது அப்பாவின் பழைய கணக்கு நோட்டு அகப்படும். நீங்கள் விதைக்காத கன்று ஒன்று தொட்டியில் தலைகாட்டும். வழக்கமான குழாய்த் தண்ணீரின் ருசி மாறியிருக்கும். உங்களிடம் பதில் இல்லாத கேள்வியைப் பிள்ளை கேட்கும். ‘இப்போது இதற்கா நேரம்?’ என்றுதான் மனம் முதலில் சொல்லும். சொல்லட்டும். கை மட்டும் அவசரப்பட்டு வீசிவிட வேண்டாம்.

எல்லாக் கறுப்பும் நிலக்கரியாக இருக்காது. பெரும்பாலும் வெறும் சேறுதான். பார்த்துவிட்டுப் போட்டால் நட்டமில்லை.

இன்று தேடாத ஒன்று கிடைத்தால், இரண்டாம் முறை பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால், புரிந்தவர் ஒருவரிடம் பொழுது சாய்வதற்குள் காட்டிவிடுங்கள்.